மூடி போட்ட பாய்லர்

நேற்று பூந்தமல்லியில் உன் மகள் வீட்டுக் குளியலறையில் கீசர் மாட்டினார்கள். மாட்ட வந்தவன் அதன் அடியில் சொட்டிய சின்னக் குழாயைக் காட்டி, "இத்த மட்டும் அடைச்சிராதீங்க சார், வெடிச்சிடும்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ செத்துப் பல வருஷம் ஆகிறது. உன்மேல் உள்ள கோபம் மட்டும் ஆறவில்லை.

அறுபத்தாறாம் வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம், கரி போட்டு வெந்நீர் காய்ச்சும் உன் அம்பத்தூர் வீட்டுச் செம்பு பாய்லர் அடியில் ஓட்டையானது. ஓட்டையைப் பற்றவைத்து அடைக்க ஆளைக் கூப்பிடச் சொன்னேன். பாடி தொழிற்சாலையில் பேர்பெற்ற வெல்டர் நீ, கேட்பாயா? இரும்புத் தகட்டை வளைத்து நீயே புதிது செய்தாய். பழையதில் தண்ணீர் ஊற்றும் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். நீ புதிதில் அந்த வாய்க்கும் மறை போட்ட மூடி வைத்து ஸ்பானரால் முறுக்கினாய். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தவன் நான்.

"ஆவி வெளிய போனா கரி வேஸ்ட்டு மச்சான்" என்றாய்.

தீபாவளி காலை நான் பலகாரத் தட்டோடு வந்தபோது, நீ தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தாய். பாய்லர் பக்கத்தில் தங்கச்சி. உன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"இன்னாயா இது, உர்ருனு கத்துது. மூடியக் கழட்டு" என்றாள்.

"நான் வச்ச வெல்டு. சும்மா கெட."

சொல்லி வாய் மூடவில்லை, பாய்லர் பிளந்தது. கொதிநீர் தங்கச்சியின் வலது கை முழுக்கக் கொட்டியது. தெருவெங்கும் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்ததால் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்தாய். "அண்டாவ அவளே கவுத்துக்கினான்னு சொல்லு மச்சான். ஒர்க் ஷாப்புல தெரிஞ்சா என் கைக்கு இன்னா மரியாத கீது?"

சொன்னேன். அவள் கை போய்க்கொண்டிருந்தபோது உன் கையின் மரியாதையைக் காப்பாற்றினோம். நீயும் வெட்கங்கெட்டவன், நானும் வெட்கங்கெட்டவன்.

அந்த விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. ஊரெல்லாம் அவளைக் கவனம் இல்லாதவள் என்றது. அவளும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை; நீ சாகும்வரை ஒருநாள்கூட மறுத்துப் பேசவில்லை.

நேற்று தங்கச்சி கீசர் குழாயைத் திறந்து பார்க்கப் போனாள். உன் மகள் தடுத்தாள்: "நீ தொடாதம்மா. அண்டாவக் கவுத்துக்கினவதானே நீ."

தங்கச்சி முந்தானையைக் கையின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ராத்திரியெல்லாம் அந்தப் பார்வைதான் கண்ணில் நின்றது.

இது உனக்கு எழுதிய கடிதம்தான். ஆனால் இன்று சாயங்காலம் இதை உன் மகளிடம் கொடுத்து, அவள் அம்மா எதிரில் உரக்கப் படிக்கச் சொல்லப்போகிறேன்.