ஊதிட்டுப் போங்க பாய்

ஏப்ரல் 21, திங்கள்
பாப்பா இன்றும் சரியாகப் பால் குடிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் வெடித்த சரவெடிக்குத் தூக்கிவாரிப் போட்டதிலிருந்து இப்படித்தான் வீறிடுகிறாள். உளுந்தூர்பேட்டை டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவருக்கென்ன, தூக்கிக்கொண்டு நடப்பது நான்தானே! வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். எலவனாசூர்கோட்டையில் பயந்த பிள்ளைக்கு எல்லோரும் செய்வதுதான். மாலைத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி, நெற்றியில் ஊதிவிடுவார்கள்.

ஏப்ரல் 23, புதன்
காஷ்மீரைச் சுற்றிப் பார்க்கப் போனவர்களைத் தீவிரவாதிகள் மதம் கேட்டுச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். டிவி பார்த்து அழுதேன். பாவிகள், நாசமாய்ப் போக.

என் வீட்டுக்காரர் தங்கமணி போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "பள்ளிவாசல் பக்கம் பாப்பாவ தூக்கிக்கினு போவாத."

"இங்க இருக்கறவங்க இன்னா பண்ணாங்க?"

"எவனாவது போட்டோ புடிச்சு குரூப்ல போட்டா, வூட்டு மானம் போயிரும்."

புருஷன் மானம் வாட்ஸ்அப்பில் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 24
பாப்பா அழுகை. நானும்.

ஏப்ரல் 25, வெள்ளி
சொல்லாமல் போனேன். பெண்கள் நெருக்கியடித்து நிற்கும் வாசலில் இன்று நான் ஒருத்திதான். வெளியே வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார்கள். கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது — அவர்களுக்கும் பயம். எங்கள் பிள்ளையைத் தொட்டால் யார் என்ன சொல்வார்களோ என்று.

வளையல் கடை பீர்முகமது பாயும் செருப்பு தேடுவதுபோல் நின்றார். பொறுக்க முடியவில்லை.

"என் சீமந்தத்துக்கு வளையல் குடுத்தவரு நீங்கதான? ஊதிட்டுப் போங்க பாய்!"

"நிக்காதம்மா. உனக்குத்தான் பேச்சு வரும்."

"வரட்டும். புள்ள பால் குடிக்க மாட்டேங்குது."

அவர் கண் கலங்கிவிட்டது. ஓதி ஊதினார். தெருமுனை வரை போனவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து ஊதினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா பால் குடித்தாள். மருந்தோ, மந்திரமோ, எனக்கெதற்கு ஆராய்ச்சி? அவர்கள் குடும்பமெல்லாம் நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 26
தங்கமணி காதுக்கு எட்டிவிட்டது. என்னோடு பேசவில்லை. சோற்றோடு கோபமில்லை, இரண்டு முறை போட்டுக்கொண்டார். ஆனால் பாப்பா சிரிப்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 2, வெள்ளி
எனக்குக் காய்ச்சல். பொழுது சாயக் கண் விழித்தால் தூளி காலி. பதறி எழுந்தேன். தங்கமணி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்க போனீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. வாசல்ல நிக்க எடமில்ல, அவ்ளோ பொம்பளைங்க. நடுவுல நா ஒருத்தன்."

பாப்பாவைத் தூளியில் போட்டு ஆட்டினார். எனக்கு முதுகைக் காட்டியபடியே மெதுவாகச் சொன்னார்: "பாய்கிட்ட பாப்பாவ நீட்டனேன். ஊதுனாரு. அப்பறம் நானும் குனிஞ்சு நின்னேன். எனக்கும் ஊதுனாரு."