நான் இரண்டாவதாக வந்த ஓட்டம்

போன மாதம் என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாள், நீல மை, அழகான கையெழுத்து. எங்கள் பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் ஆடும் ஒரு பிள்ளையைப் பற்றி, எங்களிடம் தோற்றுப்போன பாடசாலைப் பிள்ளை ஒருத்தியின் தகப்பன் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளையின் உடம்பையும் குரலையும் வேகத்தையும் பார்க்கும்போது சந்தேகம் வருகிறதாம். அவள் உண்மையில் பெண்பிள்ளைதானா என்று பாடசாலை உறுதிப்படுத்த வேண்டுமாம். தான் கேட்பது நியாயமான போட்டியை மட்டும்தான் என்று முடித்திருந்தார்.

கடிதத்தின் இரண்டாம் பந்திக்கு வரும்போதே வாசிப்பதை நிறுத்திவிட்டேன். இந்த வசனங்களை நான் முன்பே படித்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு முன்பு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் அப்பாவின் கையெழுத்தில். அது உன்னைப் பற்றிய கடிதம்.

நான் இப்போது மாத்தளையில் ஒரு பாடசாலையின் பிரதி அதிபர். விளையாட்டு என் பொறுப்பு. அன்று அறைக் கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தேடிப் போக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். போனேன். நீ இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல வேண்டியதை எழுதுவது எவ்வளவு சௌகரியம் என்று எனக்குத் தெரியும். எழுதும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் ஆண்டில்தான் நீ எங்கள் வகுப்புக்கு வந்தாய். யட்டவத்தப் பக்கம் உங்கள் இறப்பர் தோட்டத்துப் பாடசாலையில் எட்டு வரைதான் இருந்தது. நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாய். விறகும் தண்ணீரும் சுமந்து அகன்ற தோள். மேலுதட்டில் மெல்லிய பூனைமயிர். வகுப்பாசிரியை பெயரைக் கேட்டதும் நீ கரகரத்த குரலில் பதில் சொன்னாய். பின்வாங்கில் இருந்த பொடியன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் உன்னை என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

அதுவரை பாடசாலையில் எண்ணூறு மீற்றர் என்றால் நான்தான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலையில் மாற்றலாகி வந்தவர். எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்து, காலையில் மைதானத்துக்குக் கூட்டி வந்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். நீ வெறுங்காலோடு வந்தாய். முதல் பயிற்சியிலேயே என்னைத் தாண்டிப் போய், பாதிச் சுற்றில் திரும்பிப் பார்த்து, ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டாய்.

"நீ வா புள்ள, நான் மெதுவா ஓடுறேன்."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். "முன்னுக்கு ஓடுறவளப் பாக்காத. ஒங் காலடியப் பாத்து ஓடு. பாத்தா மூச்சு போயிரும்" என்றாய். எனக்கு ஓட்டத்தைச் சொல்லித் தந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் சொல்லாதது அது. அந்த ஒரு வருடம் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடினோம். நீ எனக்காகக் குறைத்து ஓடுகிறாய் என்பதை மறக்கவும் பழகிக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் வலைப்பந்துப் பயிற்சியின் நடுவே நீ அசையாமல் நின்றுவிட்டாய். கிட்டப் போனபோது, "எனக்கு என்னமோ ஆயிருச்சு புள்ள" என்றாய். முகம் வெளுத்திருந்தது. பயிற்சியில் எதற்கும் பயப்படாத நீ அன்று என் கையை விடவில்லை. என் புத்தகப் பையை உன் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குக் கூட்டிப் போனேன். பிறகு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு உன்னை வீட்டில் விட நானே வந்தேன். பஸ்ஸில் இடம் இருந்தது. நீ உட்கார மாட்டேன் என்றாய். நானும் உட்காரவில்லை. யட்டவத்த வரை உனக்குப் பின்னால் பையைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சடங்குக்கு டவுனிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். உன் பக்கத்தில் என்னை உட்காரவைத்து உளுந்தங்களி உருட்டித் தந்தார்கள். மஞ்சள் புடவையில் உனக்கு நடக்கத் தெரியவில்லை. "இதக் கட்டிக்கிட்டு எண்ணூறு மீற்றர் ஓடச் சொன்னா எப்புடி?" என்று என் காதில் சொன்னாய். இருவரும் சிரித்த சிரிப்பில் உன் அம்மா எங்கள் தலையில் குட்டினார்.

ஆக, எனக்குத் தெரியும். உலகத்தில் உன் அம்மாவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் நான்.

வலய மட்டப் போட்டி வந்தது. மாகாணப் போட்டிக்கு எங்கள் வலயத்திலிருந்து ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். அன்று நீ எனக்காகக் குறைத்து ஓடவில்லை. நீ முதலாவது, நான் இரண்டாவது. நானும் ஓடி முடித்து உன் பக்கத்தில் வந்து நின்றபோது வேலியோரத்தில் யாரோ ஒருவன் கத்தினான். "அடேய், அது பொடியன்டா!" தமிழிலும் சிங்களத்திலும் அந்தச் சொல் ஓடியது. ஆட்கள் சிரித்தார்கள். நீ காதில் விழாதவள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறுதலில் வந்த சிரிப்பு. தோற்றதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது அல்லவா?

லீவு கிடைக்காமல் அன்று போட்டிக்கு வராத அப்பா, முடிவைக் கேட்டுவிட்டு வீட்டில் சாப்பிடாமல் இருந்தார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் சொன்னேன்.

"அவள் ஓடுறது பெடியன் மாதிரி அப்பா."

அப்பா தலையை நிமிர்த்தினார். "நானும் அதைத்தான் யோசிச்சனான். குரலைக் கேட்டனீயோ? பெட்டையளோட பெட்டையள்தான் ஓட வேணும். இது உனக்குச் செய்த அநியாயம். நான் எழுதுறன்."

அவர் அங்கேயே எழுதினார். எனக்குப் படித்துக் காட்டினார். ஓர் எழுத்துப் பிழையைக்கூட நான் திருத்தினேன்.

அப்பா கெட்டவர் இல்லை. அவர் சொன்ன விதியும் பிழையில்லை. பெண்பிள்ளைகளுக்கென்று தனி ஓட்டம் ஒன்று இருந்தபடியால்தான் நீயும் நானும் அந்த மைதானத்துக்குள் காலெடுத்து வைத்தோம். பொடியன்களோடு ஓடியிருந்தால் யாரும் எங்கள் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். அந்த எல்லைக்கோட்டை நமக்காகத்தான் போட்டார்கள். அதே கோட்டைக் காட்டி உன்னை வெளியே தள்ளினோம்.

கடிதத்தைப் பற்றி விசாரிக்க, போட்டி நடத்தியவர்களில் ஒரு பெண் அதிகாரி பாடசாலைக்கு வந்தார். விளையாட்டு ஆசிரியரான சேர் என்னை அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார். அந்த மிஸ் கோபக்காரரும் இல்லை. என்னை உட்காரச் சொல்லி மெதுவாகக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டாளிங்கதானே மகள்? அந்தப் புள்ளயப் பத்தி ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா? தெரிஞ்சதச் சொன்னா இத இங்கயே முடிச்சிறலாம்."

இங்கேயே முடித்திருக்கலாம். சடங்குக்குப் போனேன் மிஸ், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் மிஸ், என்று சொன்னால் போதும். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

"எனக்குத் தெரியாது மிஸ்" என்றேன்.

சேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ பெரியபிள்ளையானதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஆசிரியர் அறையில் உன்னைப் பார்த்துக்கொண்ட டீச்சர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். மிஸ் எதையோ எழுதிக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் கொண்டுவந்தால் நீ ஓடலாம், இல்லாவிட்டால் இரண்டாவதாக வந்தவள் போவாள் என்று முடிவானது.

உன் அப்பா இறப்பர் பால் வெட்டப் போகாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எதற்குப் போகிறார்கள் என்பது லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்திருந்தது. வரிசையில் இருந்து, இலக்கத் துண்டு எடுத்து, வேறோர் இடத்துக்குப் போகச் சொல்லி, மறுபடி இன்னொரு நாள் வரச் சொல்லி. கடைசியில் ஒரு லேடி டொக்டர் உன்னிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டாராம். உன் அப்பாவிடம், "ஒங்கள இங்க அனுப்பினவங்க வெக்கப்படணும்" என்றாராம். இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாராம். இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லவில்லை. உன் அப்பா சேரிடம் சொல்லும்போது நான் வெளியே நின்று கேட்டேன். அந்தக் கடிதம் வந்தபோது மாகாணத்துக்கு என் பெயர் போய்விட்டிருந்தது.

நான் மாகாணத்தில் ஓடினேன். கடைசிக்கு முந்திய ஆளாக வந்தேன். அப்பா, "பரவாயில்லை பிள்ளை, நியாயமா ஓடினனீ" என்றார்.

நீ ஒரு தடவைதான் கேட்டாய். மைதானத்துக் குழாயடியில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மிஸ் ஒன்னையக் கூப்புட்டுக் கேட்டாங்களாமே?"

"ஆமா."

"நீ என்னா சொன்ன?"

நான் குழாயை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். நீ பொறுமையாக நின்றாய். பிறகு உனக்கே விளங்கிவிட்டது.

"சரி, வுடு" என்றாய்.

திட்டியிருக்கலாம். என் தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம். அதற்குப் பிறகு நீ ஓடவில்லை. சேர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாய். அதைவிட மோசமான ஒன்று நடந்தது. நீ வகுப்பில் பேசுவதை நிறுத்தினாய். வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று, புத்தகத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டுவாய். உன் குரலை யாரும் கேட்கக் கூடாது என்று நினைத்தாய். பதினோராம் ஆண்டில் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு நீ போகும்வரை உன் சிரிப்பை நான் கேட்கவே இல்லை.

பிறகு, பல வருடம் கழித்து, ஒரே ஒரு முறை கண்டேன். நான் வந்த பஸ் பலாபத்வலயில் நின்றபோது நீ ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாய். என்னைக் கண்டுகொண்டாய். சிரிக்க வாயெடுத்தாய் என்றே நினைக்கிறேன். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். போனின் மறுமுனையில் யாரும் இல்லை. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்தேன்.

போன மாதக் கடிதத்துக்கு வருகிறேன். அந்தத் தகப்பனை வரச் சொன்னேன். "நான் நியாயம்தானே கேக்கிறேன் டீச்சர்" என்றார். நல்ல மனிதர். அவருக்கும் ஓடியாடும் மகள் ஒருத்தி. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அதற்கு மேல் அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்க மாட்டோம் என்றேன். "மேல இருந்து கேட்டா என்ன செய்றது?" என்று அதிபர் தயங்கினார். "என்னைக் கேக்கச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. நேற்றும் ஆடினாள்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை என்னை முந்தி ஓடவில்லை. அதனால்தான் நியாயம் எனக்கு இவ்வளவு லேசாக வந்தது.

கடிதம் வந்த வாரத்துச் சனிக்கிழமை உன் தோட்டத்துக்கு வந்தேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து, "யாரு?" என்று உன் குரல் கேட்டது. வெளியே வந்தவள் உன் மகள். அதே உயரம். சுவரில் உன் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

நாற்காலி போட்டாள். அம்மா போய் ஏழு மாதம், சிறுநீரக நோய் என்றாள், கடைசி ஒரு வருடம் மிகவும் கஷ்டப்பட்டாய் என்றாள். "நீங்க அம்மாவுக்கு யாரு?"

"ஒண்ணாப் படிச்சோம். ஒண்ணா ஓடினோம்."

"ஓடினீங்களா?" அவளுக்கு விளங்கவில்லை. "அம்மாவா? எங்க அம்மா ஓடுவாங்களா?"

நீ சொல்லவே இல்லை. உன் மகளுக்குக்கூட. என்னைப் பற்றிக் குறை சொல்லியிருப்பாய் என்று பயந்துகொண்டு வந்தேன். நீ உன் ஓட்டத்தையே சொல்லாமல் போயிருந்தாய்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெறுங்காலோடு வந்ததை, பஸ்ஸில் நின்று வந்ததை, அப்பாவின் கடிதத்தை, அதிபரின் அறையில் நான் சொன்ன இரண்டு சொல்லை. அவள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத அம்மா இருக்கையில வந்து சொல்லியிருக்கணும்" என்றாள்.

"ஆமாம்."

"நீங்க லேட்டானது ஏழு மாசம் இல்ல. அம்மா இங்கதான் இருந்தாங்க. எத்தன வருசம்."

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு வேறொரு குரலில், சின்னப் பிள்ளை மாதிரி, கேட்டாள்.

"அன்னைக்கு அம்மா ஒங்களுக்கு எவ்வளவு முன்னுக்கு?"

இதை அப்பாவிடம் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. கொஞ்சத்தில் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்லி வந்தேன்.

"நான் கடைசி வளைவுல இருந்தேன்" என்றேன். "அதுக்குள்ள அம்மா ஓடி முடிச்சிட்டாங்க. திரும்பி நின்னு, எனக்குக் கை தட்டிக்கிட்டு இருந்தாங்க."

அவள் அழுதாள். நானும் அழுதிருப்பேன். அவள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன். எழுந்து, வருகிறேன் என்றேன். அவள் தலையசைத்தாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. நான் இறங்கி ரோட்டுக்கு வரும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை முதுகில் சுமந்தபடிதான் தினமும் பாடசாலைக்குப் போய் வருகிறேன். அதை இறக்கிவைக்க வழி தேடவில்லை.