டோரீனிடம் கேட்க வேண்டிய தள்ளுபடி

கிளைவ்,

சூப் அடுப்பில் இருக்கிறது. டோரீன் வீட்டிலிருந்து எல்ஸியை இன்று நீதான் அழைத்து வர வேண்டும். அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கட்டணத்தைக் குறைக்க நேற்று நீ நடத்திய உயர்மட்டப் பேச்சுவார்த்தையைத் தயவுசெய்து தொடராதே. “கூடப்பிறந்தது இருந்தாத்தான் தள்ளுபடி. உங்களுக்கு ஒண்ணுதானே, கண்ணு!” என்று அவள் சிரித்ததற்கு ராத்திரி என்னை ஏன் முறைத்தாய்? விற்பனை மேலாளருக்கு இது அழகா? டையைக் கழற்றிவிட்டுப் போ. கேக் வாங்கிக்கொடுத்து மன்னிப்புக் கேள்.

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

மறந்துவிட்டேன்: ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் டோரீன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சேர்த்துக்கொள்வாள். அடுத்த வருஷம் அந்த இடத்தை நமக்கே வைக்கச் சொல். தள்ளுபடியும் கேள், தருவாள்.

குளியலறையில் சோதனைக் குச்சி இருக்கிறது. இரண்டு கோடு. அழுதுகொண்டு நிற்காதே, எல்ஸி காத்திருப்பாள்.

மோரா