குண்டாக ஒரு கிளார்க்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

முதலில் இதைப் படி: நான் உயிரோடு இருக்கிறேன். பொட்டை அழித்துவிடாதே.

இரண்டு வருடம் கழித்து தைப்பிங்கிலிருந்து வந்து, நேற்றுக் காலை ஆபீஸ் திடல் வேலியோரம் நின்று, "ஐயா, இங்க குண்டா ஒரு கிளார்க் இருந்தாரே, எங்க?" என்று கேட்டாயே, அது என்னிடம்தான்.

உயர்த்திய கை அப்படியே நின்றது. தேகப்பயிற்சி நடுவே பேசினால் ஜப்பான்காரன் அறைவான். பக்கத்தில் நின்ற புது ஆள்தான், "குண்டா இங்க யாரும் இல்லம்மா" என்று முணுமுணுத்தான். நீ வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாய்.

பயிற்சி முடிந்ததும் படகுத்துறை வரை ஓடினேன். நான்தான், ஓடினேன்! படகு போய்விட்டது.

ஜப்பான்காரன் ஆட்சி வந்ததிலிருந்து தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம் இந்த ஆட்டம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. தலையையும் மொட்டையடித்துவிட்டார்கள். தண்ணீர்மலைக் கோயில் படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவனை இந்த உடம்பில் நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?

அடுத்த முறை வந்தால் வாய்விட்டு என் பெயரைச் சொல்லிக் கேள். புருஷன் பெயரைச் சொன்னால் ஒரு குற்றமும் வராது. என்னிடத்தில் இளைக்காமல் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அப்பா