அன்புச்செல்வன் தவிர

மன்னார்புரம், திருச்சி
3.6.2025

அன்புத் தங்கை மகாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழலிக் குட்டியும் சௌக்கியமா? இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

என் நம்பரை நீ பிளாக் செய்து வருஷக்கணக்காகிறது. மெயில் போட்டாலும் பதில் இல்லை. மன்னார்புரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே ஒரு காவிரிப் பாலம்தான். ஆனாலும் கூடப்பிறந்தவளுக்குத் தபால்தலை ஒட்டி எழுதும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய். இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கொள்ளிடத்துக்கு ஆபத்து. எந்தக் கொள்ளிடம் என்று கேட்டாலும் கேட்பாய், அந்த அளவுக்கு மறந்திருப்பாய்! நீ காலேஜில் படிக்கும்போது நாம் ஆரம்பித்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் சொல்கிறேன். "இது பழசு, இனிமேல் ஓடாது" என்று கம்பெனிகள் கைகழுவின கம்ப்யூட்டரை எல்லாம் ஓட வைக்கிறோமே, அது. காவிரியில் மிஞ்சின தண்ணீரை வாங்கிக்கொள்வது கொள்ளிடம்தானே என்று நீதான் பேர் வைத்தாய். இன்றைக்கும் ஏழெட்டுப் பேர் சம்பளம் இல்லாமல் அதைப் பராமரிக்கிறோம்; நான்தான் பொறுப்பு. தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவதும் அச்சடிப்பதும் இன்றைக்கும் நீ எழுதின பகுதிதான்.

எங்கள் குழுவில் இருக்கிற பிரேசில்காரர் ஒருவர், புது வெளியீட்டைச் சரிபார்க்கும்போது உன் பகுதியின் முதல் பக்கத்தில் இருக்கிற லைசென்ஸைத் திறந்து படித்திருக்கிறார். லைசென்ஸை எல்லாம் யார் படிக்கிறார்கள்? அவர் படித்தார். அதில் இப்படி இருக்கிறது:

"இதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம், மன்னார்புரம் மருதை மகன் அன்புச்செல்வன் தவிர."

ஏன்டி, விளையாட்டுக்கு ஓர் அளவில்லையா? அந்த மனுஷர் அதை மெஷினில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, அத்தனை பேரும் இருக்கிற குழுவிலேயே கேட்கிறார், "இந்த அன்புச்செல்வன் யார், என்ன குற்றம் செய்தார்?" என்று. செத்துப்போன அப்பா பேரையும் சேர்த்துச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய்.

ஒரே ஓர் ஆளை ஒதுக்கினாலும் அது கட்டற்ற மென்பொருள் ஆகாதாம். நமக்கு இலவசமாகச் சர்வர் தருகிறவர்கள், இந்த மாதக் கடைசிக்குள் அந்த வரி போகாவிட்டால் உன் பகுதியை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். எடுத்தால் தமிழ் வருகிற இடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுதினவள் நீ என்பதால் நீ சொன்னால்தான் மாற்ற முடியும். "சம்மதம்" என்று ஒரு தாளை நானே டைப் செய்து இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. உனக்கு வேறு வேலை வைக்கவில்லை.

இன்னொன்று. குழலிக்கு இன்னும் காது குத்தவில்லை என்று அம்மா சொல்லித் தெரிந்தது. தாய்மாமன் நான் இருக்கிறேன், கவலைப்படாதே. ஆவணி முதல் ஞாயிறு, துறையூர் பக்கம் நம்ம குலசாமி கோயிலில் பூசாரியிடம் சொல்லிவிட்டேன். தோட்டுக்கும் சொல்லியாயிற்று. குழந்தை என் மடியில் உட்காருவதற்குள் உன் கோபத்தை மூட்டை கட்டி வை.

பாசமுள்ள அண்ணன்,
அன்பு


ஸ்ரீரங்கம்
7.6.2025

அண்ணனுக்கு,

மகா எழுதுவது. எல்லோரும் நலம். அம்மா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அண்ணியிடம் சொல்லுங்கள். இல்லை, நீங்களே கொடுங்கள்.

விளையாட்டு ஒன்றும் இல்லை. நன்றாக யோசித்து, அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாம் போட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். வேறெந்த அன்புச்செல்வனும் பாவம் மாட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள். எனக்குச் சிரிப்பு வருவது வேறு ஒன்றுக்கு. ஐந்து வருஷமாக அந்தப் பகுதியைத் திறந்து, பழுதுபார்த்து, ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உலகத்திலேயே அதைத் தொட அனுமதி இல்லாத ஒரே ஆள் நீங்கள்! ஒரு தடவைகூட முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. இவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்று பார்க்க உங்களுக்குத் தோன்றவே இல்லை. என்றைக்குத் தோன்றியிருக்கிறது?

2018 மறந்துபோயிற்றா? பில் போடும் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று வந்ததே. கொள்ளிடத்தை உள்ளே வைத்து, யாரும் திறந்து பார்க்க முடியாதபடி பூட்டி விற்கவேண்டும், அதற்கு லைசென்ஸை மாற்றவேண்டும், எழுதின ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதம் சொல்லவேண்டும் என்றார்கள். எல்லோரும் வரிசையாகக் குழுவில் எழுதினார்கள். என் முறை வந்தபோது நீங்கள் எழுதினீர்கள், "என் தங்கைக்கும் சம்மதம்" என்று. நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பக்கத்து அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். "மகா, உனக்குச் சரியா?" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அதனால்தான் கொடுக்கவில்லையோ என்னமோ.

யாரும் பூட்டக் கூடாது என்றுதான் நான் அதை எழுதினேன். பூட்டிவிட்டார்கள். இன்றைக்கு மருந்துக்கடையில் பில் வாங்கினால் அதில் தமிழ் வருவது என் உழைப்பு, என் பேர் மட்டும் எங்கேயும் கிடையாது. உங்களிடம் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "உன் பேரு என் பேருன்னு என்ன இருக்கு? எல்லாம் ஒரே வீடுதானே!" என்றீர்கள்.

அடுத்த வருஷம் தொட்டியத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் அடுப்படியில் பஜ்ஜித் தட்டோடு நிற்கிறேன். கூடத்திலிருந்து உங்கள் குரல் கேட்கிறது, "பொண்ணுக்குச் சம்மதங்க" என்று. பொண்ணு இன்னும் மாப்பிள்ளை முகத்தையே பார்க்கவில்லை! சுரேஷ்குமார் நல்ல மனுஷராக அமைந்தது என் அதிர்ஷ்டம். உங்கள் சாமர்த்தியம் இல்லை.

அதற்கப்புறம்தான், குழலி வயிற்றில் இருக்கும்போது, கம்பெனி பூட்டின பழையதில் ஒரு வரியையும் தொடாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன். மேலே அந்த வரியையும் சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினேன். நன்றாக ஓடுகிறதே என்று வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள்.

இப்போது முதல் தடவையாக என் வாயால் சம்மதம் வேண்டும் என்று உலகம் கேட்கிறது. ஆகவே சொல்கிறேன். சம்மதம் இல்லை. சொல்வதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! நீங்கள் டைப் செய்த தாளின் பின்பக்கம் குழலி யானை வரைந்துவிட்டாள்.

தமிழ் வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். காதுகுத்துக்கு நாள் பார்க்க அவளைப் பெற்றவர்கள் நாங்கள் இருக்கிறோம். அவள் குலசாமி தொட்டியத்தில் இருக்கிறது, துறையூரில் இல்லை.

மகாலட்சுமி


மன்னார்புரம்
11.6.2025

மகாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அதிர்ஷ்டமாமே! அந்த மாப்பிள்ளையைப் பற்றி எத்தனை பேரிடம் விசாரித்தேன் தெரியுமா? அவர் வேலை பார்க்கிற இடத்துக்கு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்து, ஆள் எப்படிப் பேசுகிறார், யாரோடு சேர்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

அப்பா போனபோது நீ பத்தாவது. ஸ்கூல் ஃபாரம், ஹாஸ்டல் ஃபாரம் எல்லாவற்றிலும் யார் கையெழுத்து? உனக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டினார்களே, அதில் கையெழுத்துப் போட்டது யார்? அன்றைக்கு "என்னைக் கேட்டியா" என்று கேட்டாயா? உனக்காக நான் போடாத கையெழுத்தா? இன்றைக்குக் குற்றப்பத்திரிகை வாசிக்கிறாள், பெரிய வக்கீல்!

அந்தக் கம்பெனிக்குச் சரி என்றது என் வீட்டை ரொப்பவா? அப்போது இந்த இலவச சர்வர் ஏது? சர்வர் வாடகைக்கு வழியில்லாமல் தவித்தோம், அவர்கள் பணம் கொடுத்தார்கள், கொள்ளிடம் பிழைத்தது. நீ கல்யாணமாகிப் போய்விட்டாய். ஆபீஸ் விட்டு வந்து, "பிரிண்டர் ஓடலை" என்று எவனோ திட்டுகிற திட்டுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் நான்.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்கிறாய். உன்னளவுக்கு எனக்கு வராது. அது தெரிந்துதானே குத்துகிறாய்? துறையூர் ஆனந்தவள்ளி டீச்சர் ஸ்கூலில் பிள்ளைகள் தமிழ் டைப் அடிக்கப் பழகுவது அதில்தான். அந்தப் பிள்ளைகள் உனக்கு என்ன பாவம் செய்தன?

எனக்கு உன்னைத் தெரியும். கத்துவாய், அப்புறம் இறங்கி வருவாய். அதனால் "தங்கையிடம் பேசிவிட்டேன், அவளுக்குச் சம்மதம்" என்று நேற்றே குழுவில் எழுதிவிட்டேன். அந்தப் பிரேசில்காரர் மட்டும், அவளே எழுதட்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒரே ஒரு வரி எழுதிவிடு. என் மானத்தைக் காப்பாற்று.

தோடு வந்துவிட்டது. சிவப்புக் கல்.

அண்ணன்


ஸ்ரீரங்கம்
14.6.2025

திரு. அன்புச்செல்வனுக்கு,

மறுபடியுமா!

"சம்மதம் இல்லை" என்று குழந்தைக்கும் புரிகிற தமிழில் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே "அவளுக்குச் சம்மதம்" என்று அடிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? முகம் தெரியாத பிரேசில்காரருக்கு, எழுதினவளையே கேட்போம் என்று தோன்றுகிறது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த உங்களுக்குத் தோன்றவில்லை.

ஆபரேஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். உண்மை. அதைச் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது, வலியில் சுருண்டு கிடந்தேன். இப்போது எனக்கு முப்பத்து மூன்று. எழுந்து உட்கார்ந்துவிட்டேன் அண்ணே! நீங்கள்தான் இன்னும் அந்தக் காகிதத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.

குழுவில் எழுதினதை நீங்களே திரும்ப வாங்குங்கள். "என் தங்கை சொல்லவில்லை, நானாகச் சொன்னேன்" என்று எழுதுங்கள். 2018-க்கும் சேர்த்து எழுதுங்கள். அது போதும், அந்த வரியை அன்றைக்கே எடுத்துவிடுகிறேன். எழுதாமல் எனக்கு இன்னொரு கடிதம் போடவேண்டாம்.

மகாலட்சுமி


மன்னார்புரம்
18.6.2025

மகா,

எப்படிம்மா அப்படி எழுதுவது? அத்தனை பேர் முன்னால் நான் பொய்யன் என்று நானே எழுதிக்கொடுக்கவா? என் வார்த்தையை நம்பி இத்தனை வருஷமாகக் கூட நிற்கிறவர்கள். அந்தக் கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? வீட்டுக்குள் நடந்ததை வீட்டுக்குள் முடித்துக்கொள்வோம். தப்பு என்றே வைத்துக்கொள், மன்னித்துவிடு. மாதம் முடியப் போகிறது.

பாப்பாவுக்குத் தோடு போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அதையாவது மறுக்காதே.

அண்ணன்


ஸ்ரீரங்கம்
28.6.2025

திரு. ம. அன்புச்செல்வன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் குழுவில் எழுதுவீர்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை.

புதன்கிழமை ஆனந்தவள்ளி டீச்சர் போன் செய்தார். "மகா, உங்க பகுதியை எடுக்கப் போறாங்களாமே? பிள்ளைங்க கஷ்டப்படுவாங்க. உங்களால விட்டுக்கொடுக்க முடியுமான்னு கேக்கலாம்னுதான் பண்ணினேன். முடியாதுன்னா தயங்காம சொல்லிடுங்க, நாங்க வேற வழி பாத்துக்கறோம்" என்றார். கேட்டார், அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அழுதேன். கேட்பது இத்தனை சுலபமான வேலையா என்று இருந்தது.

நேற்று குழுவில் நானே எழுதிவிட்டேன். நீங்கள் படித்திருப்பீர்களோ மாட்டீர்களோ, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்:

"என் பகுதியை இனி உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். யாருக்கும் விலக்கு இல்லை. 2018-இலும் இந்த மாதத்திலும் என் சம்மதம் என்று இங்கே சொல்லப்பட்ட இரண்டும் என்னுடையவை அல்ல. இது என்னுடையது. ம. மகாலட்சுமி."

பில் மெஷின் கம்பெனிக்கும் இதையே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்த வரி இருந்தவரைக்கும், உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, உங்கள் ஒருவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. என்றைக்காவது அதைப் படித்துவிட்டு, "என்னடி இது?" என்று பஸ் ஏறி வந்து வாசலில் நிற்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வரியும் இல்லை, கோபமும் இல்லை. எல்லோரையும்போல நீங்களும் அதை எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை.

குழலிக்கு ஆவணி இரண்டாவது ஞாயிறு தொட்டியத்தில் காதுகுத்து. யார் மடியில் உட்காருகிறாய் என்று அவளையே கேட்டோம். நம் சித்தி மகன் ரஞ்சித்தைச் சொன்னாள். ஏன் என்றதற்கு, "ரஞ்சித் மாமாதான் தூக்கட்டுமான்னு கேட்டுட்டுத் தூக்கும்" என்றாள். தோட்டை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். அவள் வளர்ந்ததும் காட்டுகிறேன், பிடித்தால் போட்டுக்கொள்ளட்டும்.

பத்திரிகை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வைக்கிறோம், உங்களுக்கும் தபாலில் வரும். பந்தி பதினோரு மணிக்கு. எல்லோரும் வரலாம்.

ம. மகாலட்சுமி