காய்ச்சல் வரும் அத்தியாயம்

என் அருமைத் தனத்துக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு எத்தனையோ நாவல் படித்துவிட்டேன். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீ இருந்திருந்தால் நலம் விசாரிக்கும் முன்பே, "புதுசு ஏதாச்சும் வந்துச்சாக்கா?" என்றுதான் கேட்டிருப்பாய். வந்தது, வந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டு பாய் கடையில் மாதம் தவறாமல் கயிற்றில் தொங்குகிறது. எஸ்டேட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது மட்டும் வந்துவிடுகிறது.

எஸ்டேட் ஓடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நீ இருக்கும்போதே ஆரம்பித்த விலைச் சரிவு இன்னும் நிற்கவில்லை. பச்சை இலையைக் கேட்பார் இல்லை. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான். நீயும் நானும் நிரை பிடித்து இலை பறித்த மேட்டுக் காட்டில் தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது, வெட்டிவிட ஆளில்லை. வரிசையாக நிற்கும் நம் லைன் வீடுகளில் பாதி பூட்டு. எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. விடிகாலை ஜீப்பில் ஏறி, கேத்திக்குப் போய், கேரட் பிடுங்குகிறேன். விரல் விறைத்துப்போகிறது, ஆனால் வேலை இருக்கிறது.

போன மாதம் படித்த கதையைக் கேள். ஊட்டியில் நடக்கிறது. கதாநாயகன் எஸ்டேட் முதலாளி, ஆறடி உயரம், கறுப்பு ஜெர்கின், முகத்தில் எந்நேரமும் கடுகு வெடிக்கும். அவனுக்கு மட்டும் இலை விலை விழவே இல்லை, தனம்! புதுக் கார் வாங்குகிறான், அவளுக்கு வைர மோதிரம் போடுகிறான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓர் ஆள்கூட இலை பறிக்கவில்லை. பனி மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இறங்குகிறது. நம் ஊரில் நடக்கிற கதையில் நம்மைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள். திட்டிக்கொண்டே ஒரே மூச்சில் படித்து முடித்தேன், அது வேறு விஷயம்.

அதற்கு முந்தினது ஒப்பந்தக் கல்யாணம். ஆறு மாதம் புருஷன் பெண்டாட்டியாக நடிப்பது, பிறகு அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போவது என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஐந்தாவது மாதம் இரண்டு பேருக்கும் பிரிய மனசில்லை. நமக்குத் தெரியாதா? உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும். இன்னொன்றில் கோபமே வராத கதாநாயகன். சின்னதாக மளிகைக் கடை. அவள் வேலை முடிந்து வர நேரமானால் தோசை சுட்டு மூடி வைக்கிறான். முதலில் எனக்குச் சப்பென்று இருந்தது. இவனெல்லாம் ஒரு கதாநாயகனா என்று கீழே வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்தேன். படிக்கப் படிக்க அவனை விட மனசு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நீ புத்தகத்தை மடியில் வைத்துச் சத்தமாகப் படிப்பாயே, அது ஞாபகம் வருகிறது. உன் அப்பா சிலோனிலிருந்து கொண்டுவந்த பேச்சு உன் வாயில் கடைசி வரை இருந்தது. நாங்கள் இலை என்போம், நீ கொழுந்து என்பாய். கதாநாயகன் பேசும் இடம் வந்தால் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பட்டணத்துத் தமிழுக்கு மாறிவிடுவாய். மேஸ்திரி நம்மை விரட்ட வந்து, "அப்புறம் அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?" என்று நின்றுகொண்டே கேட்பார்.

காய்ச்சல் எந்தப் பக்கத்தில் வரும் என்று நாம் பந்தயம் கட்டுவோம். வராத கதையே கிடையாதே! அதுவரை அவளைத் திட்டிக்கொண்டு இருந்தவன், அவளுக்குக் காய்ச்சல் என்றதும் பதறிப்போவான். விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுவான். அவள் கண் திறக்கும்போது அவன் கண் சிவந்திருக்கும். அந்த இடம் வந்தால் உன் குரல் இறங்கிவிடும். நாங்களும் சோற்றில் வைத்த கையை எடுக்க மாட்டோம்.

கதை பேச மட்டும் நான் இதை எழுதவில்லை, தனம். உனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன். மழையில் நீ நின்ற விஷயத்தை உன் மகள் நிவேதாவிடம் சொல்லிவிட்டேன். அதை உனக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. நம் நாவல்களின் கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதம் போடுவார்களே, அங்கேதான் இதை அனுப்பப் போகிறேன். நம்மைப் போலப் படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். பேரையெல்லாம் மாற்றியிருக்கிறேன், தனம் என்று கூப்பிட்டதற்குச் சண்டைக்கு வராதே. உன் மகள் மட்டும், "எங்கம்மா வச்ச பேர மாத்தாதீங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டாள். செல்வியும் லட்சுமியுமாக இருந்த லைனில் நாவலைப் பார்த்து நீ வைத்த பேர், அப்படியே இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நிவேதாவுக்கு நர்சிங்கில் இரண்டாவது வருஷம். லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். வந்த மறுநாளே உன் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, பாப்பாவுக்கு ஒரு நல்ல எடம் வந்துருக்குதுங்க. திருப்பூருல சொந்தமா பனியன் கம்பெனி வச்சுருக்காங்க. சீரு செனத்தி ஒண்ணும் வேண்டாங்கறாங்க. எஸ்டேட் இருக்கற இருப்புல இன்னும் ரெண்டு வருசம் எப்படிங்க படிக்க வெக்கறது?"

அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஃபேக்டரி விசில் கேட்காத நாட்களில் அந்த மனிதர் கோட்டும் மப்ளரும் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். நிவேதா தட்டோடு வந்தாள். பாயில் கால் தடுக்கி, ஒரு டம்ளர் டீ மாப்பிள்ளை சட்டையில் கொட்டிவிட்டது.

"கண்ணு பொடனிலயா இருக்குது?" என்றான், அத்தனை பேர் முன்னாலும். உன் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் அப்பாவைப் பார்த்து, "படிப்ப நிறுத்திப்போடுங்க. கம்பெனில ஆளு பத்தல, ஊட்டுல எங்கம்மாளுக்கும் முன்ன மாதிரி முடியறதில்ல" என்றான். பெண் கேட்க வந்தானா, வேலைக்கு ஆள் எடுக்க வந்தானா?

அவர்கள் போனதும் நிவேதா என் சமையல்கட்டுக்கு வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"கவனிச்சீங்களா பெரியம்மா? மொதல் சந்திப்பே சண்டை!"

முந்தானையைக் கீழே விட்டேன். "அது சண்டை இல்லடி. திட்டு."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருப்பாங்க. உள்ளுக்குள்ள பாசம் இருக்கும், வெளிய காட்டத் தெரியாது. அம்மாவே சொல்லுவாங்கல்ல, நல்லா முறைக்கிறவன்தான் நல்லாப் பாத்துக்குவான்னு? கல்யாணம் ஆயிட்டாச் சரியாயிரும். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாப் போதும்."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். மீதிப் பாதிதான் என்னைப் பயமுறுத்தியது. நீ அப்படிச் சொன்னது உண்மைதானே? பக்கத்தில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தவள் நான்தானே? நாம் இலைக்காட்டில் உட்கார்ந்து பேசியதையெல்லாம் ஒரு குழந்தை கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறது. நமக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லலாமா, கூடாதா?

அந்த ஐப்பசி மழையை நீயும் மறந்திருக்க மாட்டாய். நிவேதாவுக்கு அப்போது மூன்று வயது. வேலை முடிந்து எல்லாரும் லைனுக்கு ஓடினோம். நீ மட்டும் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக்கை மடித்துக் கூடைக்குள் வைத்துவிட்டுப் பாதையில் நின்றாய். "பைத்தியமாடி உனக்கு?" என்று கத்தினேன். கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னாய். பொழுது சாய்வதற்குள் உடம்பு கொதித்தது. வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாய். உன் வீட்டுக்காரர் வந்தார், பானையைத் திறந்து பார்த்தார், "சோறாக்கலையா?" என்றார். காய்ச்சல் என்றாய். "மாத்திரையப் போட்டுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டில் போய்ச் சாப்பிட்டு வந்து தூங்கிவிட்டார்.

மறுநாள் கஞ்சி கொண்டுவந்த என்னிடம் நீ சொன்னாய். "வேணும்னுதான்க்கா நனஞ்சேன். நெத்தியில ஈரத்துணி போடுவாருன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு மட்டும் எப்பவும் தெரியக்கூடாதுக்கா. அவ அப்பாவத் தப்பா நெனச்சிருவா" என்றாய். உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

புதன்கிழமை நிவேதா என் கட்டிலில் படுத்து நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கி மூடினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "எவ்வளவு நேரம் நின்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு மணி நேரம் இருக்கும்."

நான் மூடி வைத்த நாவலை எடுத்துப் புரட்டினாள். "அதுக்கப்புறமும் ஏன் பெரியம்மா இதையெல்லாம் படிச்சாங்க?"

"இதுல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பக்கத்துல ஒருத்தர் உக்காருறாங்கல்ல, அதுக்குத்தான். படிக்கறது தப்பில்லடி. நானும்தான் படிக்கறேன், நாளைக்கும் படிப்பேன். ஆனா அந்த முறைக்கிறவனோட மனசு கதை எழுதறவங்க கையில இருக்கு. எந்தப் பக்கத்துல மாத்தணுமோ மாத்திருவாங்க. நம்ம ஊட்டு ஆளுக்கு யாரு வந்து எழுதறது?"

எழுந்து போய்விட்டாள். நம் லைன் வீட்டுச் சுவர்தான் உனக்குத் தெரியுமே, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். "இந்த எடம் வேண்டாம்ப்பா. நான் படிச்சு முடிக்கறேன்" என்றாள். உன் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். பிறகு மழைக் கதையைச் சொன்னாள்.

என் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "ஏனுங்கக்கா! என்ர பொண்ணு கல்யாணத்தக் கெடுக்கறதுக்கு உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"

வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். "கெடுக்கத்தான் செஞ்சேன். நல்லா கேட்டுக்கங்க. அவ படிச்சு முடிப்பா. ஹாஸ்டலுக்கு ஆகறத நான் பாத்துக்கறேன். கேத்தியில கேரட் வெளையற வரைக்கும் எனக்கு வேலை இருக்குது. அந்தத் திருப்பூர்க்காரன் இன்னொரு தடவ இந்த லைனுக்கு வந்தான்னா மொதல்ல எங்கிட்டத்தான் பேசணும்."

இன்னும் திட்டுவார் என்று பார்த்தேன்.

"மழையில நின்னது எனக்காகவாங்கக்கா?"

"ஆமா."

படியில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "எனக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்தா எங்கம்மா மாத்திர குடுத்து, படுன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிரும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க. உக்காரணும்னு தெரிஞ்சுருந்தா உக்காந்துருக்க மாட்டனா?"

அவர் மேல் வந்த கோபம் அப்படியே உன் மேல் திரும்பியது. அந்த மழைக்குப் பிறகும் பதினாலு வருஷம் காத்திருந்தாயே, வாயைத் திறந்து, "கொஞ்சம் உக்காருங்க" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? இல்லை, கேட்டால்தான் ஒரு மனிதனுக்குத் தெரிய வேண்டுமா? இரண்டு பக்கமும் நின்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு விளங்கவில்லை. ஆனால் உன் மகள் அந்த மாதிரி ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அது மட்டும் எனக்கு நன்றாக விளங்கிவிட்டது.

மறுநாள் அவரே பஜாருக்குப் போய் டெலிபோன் பூத்திலிருந்து திருப்பூருக்குப் பேசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நிவேதாவின் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறப்போனவள் திரும்பினாள்.

"அப்பா, மாசா மாசம் என்னைப் பாக்க வருவீங்களா? எனக்கு நீங்க வரணும்."

அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "வர்றேன் சாமி" என்றார். நேற்று முதல் தடவையாகப் போய் வந்தார். பார்வை நேரம் தெரியாமல் காலையிலேயே போய் நின்று வார்டனிடம் திட்டு வாங்கியிருக்கிறார். கடிதம் அச்சில் வரட்டுமா என்று கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். நாளைக்கே இன்னொருவன் வந்து அவளிடம் அப்படிப் பேசினாலும், உனக்குச் செய்த சத்தியத்தை இன்னொரு தடவை மீறுவேன். அவள் படிப்பு முடியும், வேலைக்குப் போவாள், மனசுக்குப் பிடித்தவனைத் தானே பார்த்துச் சொல்லுவாள். அதுவரை நான் மற்றவர்களைப் போல வேலை தேடி இந்த மலையை விட்டுப் போக மாட்டேன். உன் வீட்டுக்காரர் போகாமல் விடுகிற மாதம் அவளைப் பார்க்க நான் போவேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
பார்வதி