பேனலுக்கு வைத்த சந்தனம்

அக்கா,

நேற்று மதியம் உங்கள் அலமாரியைத் திறந்தார்கள். நீங்கள் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. மெஷினைப் பார்த்துக்கொள்ள உங்கள் இடத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள், அவருக்கு அலமாரி வேண்டுமாம். மடித்து வைத்த துப்பட்டா ஒன்று, டெஸ்டர், பாதி தீர்ந்த தலைவலித் தைலம். எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். நான்தான் பிரித்தேன். போன வருஷம் எரிந்துபோன கன்ட்ரோலர். பாட்டிலில் தண்ணீர் நிரப்பும் நம் மெஷினுக்கு இதுதான் மூளை என்று நீங்கள் காட்டுவீர்களே, அந்தச் சின்னப் பெட்டி. அதில் காற்றுப் போகும் சந்துகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்.

பின்னால் நின்ற முதலாளி எட்டிப் பார்த்தார். "இத்த ஏன் பத்திரமா வச்சிருந்துச்சு அந்தப் பொண்ணு? சந்தனத்தப் பூசி இத்த எரிச்சதே அதுதான்" என்றார்.

நீங்கள் பூசவில்லை, அக்கா. நான் பூசினேன்.

அப்போது நான் பத்தாவதோடு நின்றுவிட்டு, பாட்டிலுக்கு லேபிள் ஒட்ட வந்து இரண்டு மாதம்தான். ஆயுத பூஜை அன்று காலை நீங்கள் மெயினை நிறுத்திவிட்டு, கன்ட்ரோலர் இருக்கும் பேனல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கிளம்பினீர்கள். "வெளிய மட்டும் தொடைடி" என்று சொன்னீர்கள். அது என் காதில் விழுந்தது. ஆனால் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு மூளைக்கு மட்டும் வைக்காமல் விடுவதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஈரத்துணியால் உள்ளே துடைத்தேன். பன்னீரில் தண்ணியாகக் கரைத்த சந்தனத்தை அந்தப் பெட்டியின் தலையில் மூன்று விரலால் இழுத்தேன். நடுவில் குங்குமம். அழகாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நீங்கள் மெயினைப் போட்டதும் கருகல் வாசனை வந்தது. பேனலைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். பிறகு துப்பட்டா முனையால் அதை வேகமாகத் துடைத்தீர்கள். தூசி தட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். "என்னாச்சுக்கா?" என்று கேட்டதற்கு, "கரண்டு ஜாஸ்தியா வந்துடுச்சு, நீ போய் லேபிளப் பாரு" என்றீர்கள். முதலாளி அறையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தீர்கள். அன்றிலிருந்து பேனல் சாவி உங்களிடம் இல்லை. ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் வாங்குவீர்கள். "ஸ்டேஷன்ல கையெழுத்து போடப் போறேன்டி" என்று சிரித்துக்கொண்டே போவீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேனே, அக்கா.

அடுத்து வந்தது பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்கள் கையிலிருக்கும் பாட்டில்தான் நம் கம்பெனிக்குச் சோறு. எரிந்துபோனதோ ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பிராண்டு. அந்தப் பிராண்டுக்காரர்களுக்குப் போன் செய்தால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. கடைசியில் சென்னையிலிருந்து பழுது பார்க்க ஓர் ஆள் பௌர்ணமி அன்றுதான் புறப்பட்டு வந்தார். ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் அப்படியே திரும்பிவிட்டார். அந்தப் பௌர்ணமிக்கு நாம் ஒரு பாட்டில்கூட அனுப்பவில்லை.

புதிதாக எந்த கன்ட்ரோலர் வாங்குவது என்று முதலாளி விளம்பரத் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் உங்கள் ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். கீழ்பென்னாத்தூரில் அரிசி மில், வேங்கிக்கால் பக்கம் ஐஸ் கம்பெனி, பால் பண்ணை என்று மூன்று நாள் சுற்றினோம். நீங்கள் கேட்பீர்கள், நான் எழுதிக்கொள்வேன். "எது ஒசத்தின்னு யாரையும் கேக்காத. கடைசியா மெஷின் நின்னப்போ யாரு வந்தாங்க, எவ்ளோ நேரத்துல வந்தாங்கன்னு கேளு" என்றீர்கள். முதலாளிகளைக்கூட நீங்கள் கேட்கவில்லை, மெஷின் ஓட்டுகிறவர்களைத்தான் கேட்டீர்கள். அரிசி மில்லில் ஒரு அண்ணன், "இன்னாம்மா, மாப்ள பாக்கற மாதிரி விசாரிக்கிற" என்று கிண்டல் செய்தார். "மாப்ள சரியில்லன்னா அம்மா வூட்டுக்குப் போயிடலாம்ணா. இது சரியில்லன்னா எங்க போறது?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பில் பேனா நழுவியது. "சிரிக்க மட்டும் வாய் வருது. பேசுனா ஈ பூந்துடுமா?" என்று என்னைத் திட்டினீர்கள்.

முக்கால்வாசி இடத்தில் ஒரே பிராண்டுதான் இருந்தது. அதைப் பழுது பார்ப்பவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் குடியிருந்தார். அதையே வாங்க வைத்தீர்கள். பங்குனி பௌர்ணமியில் அது நின்றபோது, அந்த மனிதர் சந்து சந்தாக நடந்தே வந்து முக்கால் மணி நேரத்தில் ஓட வைத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள், வெள்ளிக்கிழமை நீங்களே இல்லை. அதுவே எனக்கு இன்னும் உள்ளே இறங்கவில்லை. நேற்று இது.

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முதலாளி திரும்பவும் அறைக்குள் போய் உட்கார்ந்தார். இரண்டாவது மெஷின் வாங்கப் போகிறார், அதற்கும் கன்ட்ரோலர் வேண்டும். சென்னையிலிருந்து வந்த விற்பனைக்காரர் லேப்டாப்பில் வேறொரு பிராண்டைக் காட்டிக்கொண்டிருந்தார். பெரிய தொடுதிரை, வெளிநாட்டுப் பெயர். இப்போது இருப்பதையே வாங்கலாமே என்று சூப்பர்வைசர் இழுத்தார். முதலாளி சொன்னது கதவருகே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அந்தப் பொண்ணு சொன்ன பிராண்டே வேணாம். சந்தனம் பூசுன புத்திதானே அதையும் சொல்லுச்சு."

மூன்று நாள் வெயிலில் அலைந்து நீங்கள் கேட்டு வந்ததெல்லாம், நான் மூன்று விரலால் இழுத்ததில் அழிந்துபோகப் பார்த்தது. எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. அந்த அறைக்குள் நான் அதற்கு முன் வாய் திறந்ததே இல்லை.

"சார், சந்தனம் வச்சது நானு. அந்தக்கா இல்ல."

நிறுத்தினால் திரும்பப் பேச்சு வராது என்று விற்பனைக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டேன். "பௌர்ணமி அன்னிக்கு மெஷின் நின்னா யாரு வருவாங்க சார்?"

இருபத்து நான்கு மணி நேரமும் போன் எடுப்பார்கள் என்றார் அவர்.

"போன் எடுப்பாங்க. ஆளு எங்க இருக்காரு?"

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். "நீயா? இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"எனக்கே இப்பதான் சார் தெரியும்."

என்னைத் திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் விற்பனைக்காரரிடம், யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு சூப்பர்வைசரிடம், இப்போது இருக்கும் பிராண்டுக்கே விலை கேட்கச் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் வெளியே வரும்போது, "பாவம்யா அந்தப் பொண்ணு" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. உங்களைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியாது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை, அக்கா? சொன்னால் அழுதுகொண்டு அன்றே வீட்டுக்கு ஓடியிருப்பேன் என்று தெரிந்துதான் மறைத்தீர்கள். சரி, பிறகாவது சொல்லியிருக்கலாமே, ஸ்கூட்டியில் போகும்போதாவது. என் தப்பை உங்கள் பேரில் எழுதிக்கொண்டு, ஒரு வருஷம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

நேற்று அந்தத் தப்பை உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருக்கிறது. என்னிடமே இருக்கட்டும்.